கிராம்பிளிங் கல்லூரியின் ராபின்சன்: ஒரு பந்தாட்டப் பயிற்சியாளரின் 57 ஆண்டுகள்

விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவருடைய வாழ்க்கையை வரலாறு என்று கூறலாமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். மன்னர்களும் அமைச்சர்களும் படைத்தலைவர்களும் நிறைந்துள்ள ஏட்டில், பந்து விளையாடக் கற்றுக்கொடுத்த ஓர் ஆசிரியருக்கு என்ன இடம் என்று கேட்போரும் உண்டு. சட்டப் புத்தகங்களைப் படித்து ஒரு நாட்டின் ஆட்சிமுறையை அறியலாம். ஆனால், அச்சட்டங்களின்கீழ் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படித் தலைநிமிர்ந்தார்கள் என்பதை மனிதர்களின் வாழ்க்கையைக் கொண்டே அறிய முடியும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், நிறத்தின் பெயரால் மக்களைப் பிரித்துவைத்த சட்டங்கள் முழு வலிமையுடன் இருந்த காலத்தில் வேலைக்கு வந்து, அச்சட்டங்கள் ஒழிந்து ஒரு தலைமுறை கடந்தபின் ஓய்வுபெற்றவர் எட்டி ராபின்சன். லூசியானா மாநிலத்தில் கிராம்பிளிங் என்னும் சிற்றூரில், ஒரே கல்லூரியில், 1941ஆம் ஆண்டு முதல் 1997ஆம் ஆண்டு வரை அவர் பயிற்சியாளராக இருந்தார். அவருடைய அணி 408 ஆட்டங்களில் வென்றது, 165இல் தோற்றது, 15 ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. இந்த எண்களின் பின்னே ஒரு சமுதாயத்தின் வரலாறு இருக்கிறது.

அமெரிக்கப் பந்தாட்டம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கால்பந்து என்றால், உருண்டைப் பந்தைக் காலால் உதைத்து வலைக்குள் செலுத்தும் ஆட்டமே நினைவுக்கு வரும். அமெரிக்கர் அப்பெயரால் அழைக்கும் ஆட்டம் வேறு. அது ரக்பி ஆட்டத்தின் வழியில் பிறந்தது. இரு முனையும் கூம்பிய பந்து, 100 கஜ நீளமுள்ள களம், பக்கத்துக்குப் பதினொருவர். தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து மோதுவர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அந்நான்குக்குள் பத்துக் கஜம் முன்னேறினால் மேலும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். தவறினால் பந்து எதிரணிக்குச் சென்றுவிடும். எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டுசேர்த்தால் ஆறு புள்ளிகள்.

ஒவ்வொரு முயற்சிக்கும் முன்கூட்டியே திட்டம் வகுக்கப்பட்டிருக்கும். யார் எவரைத் தடுப்பது, யார் எந்தப் பக்கம் ஓடுவது, பந்து யார் கைக்குப் போவது என்பதெல்லாம் பல நாட்கள் பயின்று மனத்தில் பதிந்திருக்க வேண்டும். ஆகவே, மற்ற பல ஆட்டங்களைக் காட்டிலும் இந்த ஆட்டத்தில் பயிற்சியாளருக்குச் செல்வாக்கு மிகுதி. அமெரிக்காவில் கல்லூரி அணிகளின் ஆட்டங்களைக் காணப் பல்லாயிரவர் கூடுவர். பேர்பெற்ற பயிற்சியாளர் ஒருவர் அம்மாநில ஆளுநரைவிடப் பலருக்கு அறிமுகமானவராக இருப்பதும் உண்டு.

வாரக்குடியின் மகன்

எட்டி ராபின்சன் 1919ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள், லூசியானாவில் ஜாக்சன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பிறர் நிலத்தில் பருத்தி பயிரிட்டு விளைச்சலில் பங்கு கொடுத்து வாழ்ந்த வாரக்குடி. தாய் பிறர் வீடுகளில் பணி செய்தவர். அடிமை முறை 1865ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும், நிலம் பழைய முதலாளிகளிடமே இருந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு உழைக்கும் கைகளைத் தவிர வேறு உடைமை இல்லை. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கடனே மிஞ்சும். அத்தகைய குடும்பத்திலிருந்து வந்த சிறுவன், மாநிலத் தலைநகராகிய பேட்டன் ரூஜ் நகரில் வளர்ந்தான்.

தொடக்கப் பள்ளியில் படிக்கும்போதே பந்தாட்டப் பயிற்சியாளராக வேண்டும் என்னும் ஆசை அவன் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. உயர்நிலைப் பள்ளி அணியினரையும் அவர்கள் தம் பயிற்சியாளரிடம் காட்டிய மரியாதையையும் கண்டு, தானும் அப்படி ஒருவனாக வேண்டும் என்று அவன் எண்ணினான். மற்றச் சிறுவர்கள் ஆட்டக்காரராக விரும்பியபோது, இவன் ஆட்டுவிப்பவனாக விரும்பினான்.

பேட்டன் ரூஜ் நகரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் இருந்தது. ஆனால், கறுப்பின இளைஞருக்கு அங்கே இடமில்லை. அப்பல்கலைக்கழகத்தின் பந்தாட்ட அணியில் முதல் கறுப்பின வீரர்கள் 1970களில்தான் சேர்க்கப்பட்டனர். ராபின்சன் அருகிலிருந்த லீலண்டு என்னும் சிறிய கறுப்பினக் கல்லூரியில் சேர்ந்து, அதன் அணியில் விளையாடி, 1941ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பட்டதாரிக்கு ஊரில் கிடைத்த வேலை, கால்நடைத் தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலி. அந்த ஆண்டிலேயே டோரிஸ் மாட் என்னும் பெண்ணை மணந்தார். அந்நேரத்தில், வடலூசியானாவில் ஒரு கல்லூரிக்குப் பயிற்சியாளர் தேவை என்னும் செய்தி உறவினர் வழியாக அவர் காதுக்கு எட்டியது.

குடியானவர் எழுப்பிய கல்லூரி

அக்கல்லூரியின் தோற்றமும் அறியத்தக்கது. வடலூசியானாவின் கறுப்பின உழவர்கள் சங்கமாகக் கூடி, தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று முடிவு செய்தனர். அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி கல்விக் கழகத்தை நடத்திவந்த புக்கர் டி. வாஷிங்டனிடம் உதவி கேட்டனர். அவர் அனுப்பிய சார்லஸ் ஆடம்ஸ் என்பவர் 1901ஆம் ஆண்டு பள்ளியைத் தொடங்கினார். பின்னர் மாநில அரசு அதனை ஏற்றுக்கொண்டது. ராபின்சன் வந்தபோது அதன் பெயர் 'லூசியானா நீக்ரோ ஆசிரியப் பயிற்சி மற்றும் தொழிற்கல்விக் கழகம்' என்னும் பொருள்பட நீண்டிருந்தது. ஆட்டத்தின்போது மாணவர்கள் அந்த நீண்ட பெயரைச் சொல்லி முழக்கமிட்டு முடிப்பதற்குள் எதிரணி புள்ளி எடுத்துவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1946ஆம் ஆண்டில் ஊரின் பெயரே கல்லூரிக்கும் ஆயிற்று.

அங்கிருந்து ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவில் ரஸ்டன் நகரில் வெள்ளையருக்கென்று மற்றொரு அரசுக் கல்லூரி இருந்தது. அண்மையில் அண்மையில் இரண்டு அரசுக் கல்லூரிகள் எதற்கு? விடை 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் இருக்கிறது. லூசியானாவில் புகைவண்டிப் பெட்டிகளை நிறவாரியாகப் பிரித்த சட்டத்தை எதிர்த்து ஹோமர் பிளெசி என்பவர் தொடுத்த வழக்கில், வசதிகள் சமமாக இருந்தால் பிரித்துவைப்பது குற்றமன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பிரித்துவைக்கும் பகுதியைத் தென்மாநிலங்கள் கடைப்பிடித்தன. சமமாக வைக்கும் பகுதியை மறந்துவிட்டன. கிராம்பிளிங் கல்லூரியின் வறுமைக்கு அதுவே காரணம்.

மாதம் 63 டாலர்

கல்லூரித் தலைவராக இருந்தவர் ரால்ப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ். அவரே பேஸ்பால் அணிக்கும் பயிற்சியாளர். 22 வயது இளைஞரான ராபின்சனை மாதம் 63 டாலர் 75 சென்ட் சம்பளத்தில் அவர் அமர்த்தினார். ஊதியம் பெறும் துணைப் பயிற்சியாளர் எவரும் இல்லை. களத்தைப் பராமரிக்கவோ அடிபட்டவருக்கு மருந்திடவோ ஆள் இல்லை. புல் வெட்டுவதும், சுண்ணாம்புக் கோடு போடுவதும், வீரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவதும், ஆட்டம் முடிந்தபின் செய்தித்தாளுக்குக் குறிப்பெழுதுவதும் பயிற்சியாளரின் வேலையாகவே இருந்தன.

முதல் ஆண்டில் அணி மூன்று ஆட்டங்களில் வென்று ஐந்தில் தோற்றது. அடுத்த ஆண்டாகிய 1942இல் ஒன்பது ஆட்டங்கள், ஒன்பதிலும் வெற்றி. அது மட்டுமன்று, அந்த ஒன்பது ஆட்டங்களிலும் எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. அமெரிக்கக் கல்லூரிப் பந்தாட்டத்தில் இது மிக அரிய செயல். ஆனால், இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தமையால், 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் கல்லூரிக்கு அணியே இல்லாமல் போயிற்று. அவ்விரு ஆண்டுகளும் ராபின்சன் ஊரிலிருந்த உயர்நிலைப் பள்ளிச் சிறுவர்களுக்குப் பயிற்சியளித்தார்.

அந்தப் பள்ளி அணியைப் பற்றி ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. பருத்தி அறுவடைக் காலத்தில் ஒரு தந்தை, அணியிலிருந்த தம் பிள்ளைகளை வயலுக்கு அழைத்துக்கொண்டார். ராபின்சன் அவரோடு வாதாடவில்லை. அணி முழுவதையும் வயலுக்கு அழைத்துச் சென்று பருத்தியைப் பறித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைக் களத்துக்கு மீட்டுவந்தாராம். வாரக்குடியின் வீட்டில் பிறந்தவருக்கு அந்தத் தந்தையின் நிலைமை தெரியாதா? பருத்தி வீட்டுக்கு வராவிட்டால் அக்குடும்பத்துக்கு உணவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

சாலையோரத்து உணவு

வெளியூர் ஆட்டங்களுக்குப் பேருந்தில் செல்ல வேண்டும். வழியில் உள்ள உணவுக் கடைகளில் வெள்ளையருக்கு மட்டுமே இடம். விடுதிகளில் தங்க இயலாது. எண்ணெய் ஊற்றும் நிலையங்களில் காசை வாங்கிக்கொள்வார்கள்; கழிப்பறையைத் திறந்துவிட மாட்டார்கள். ஆகவே, புறப்படும் முன்னரே ராபின்சன் ரொட்டித் துண்டுகளுக்கிடையே இறைச்சி வைத்து எல்லாருக்கும் உணவு கட்டிக்கொள்வார். சாலையோரத்தில் பேருந்தை நிறுத்தி உண்பார்கள்.

இந்நிலையிலும் வீரர்கள் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தே பயணம் செய்ய வேண்டும் என்பது அவர் கட்டளை. காலையில் மணியொன்றைக் கையில் பிடித்து ஒலித்துக்கொண்டே விடுதியின் நடைவழியில் வந்து, வீரர்களை எழுப்பி வகுப்புக்கு அனுப்புவார். பசுவின் கழுத்தில் கட்டும் மணி அது. பந்தாட்டத்தினால் வாழ்க்கை நடத்தப்போகிறவர் சிலர். பட்டத்தினால் வாழ்க்கை நடத்த வேண்டியவர் பலர் என்பதை அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு வீரனையும் தன் மகளை மணக்கப்போகும் பிள்ளையாக எண்ணிப் பயிற்சியளிக்க வேண்டும் என்பது அவர் அடிக்கடி கூறிவந்த கருத்து. தம் கல்வியையும் அவர் விட்டுவிடவில்லை; 1954ஆம் ஆண்டு வடக்கே அயோவா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

தொழில்முறை அணிகளின் கதவு

தொழில்முறைப் பந்தாட்டக் கழகத்தில் 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. சட்டம் எதுவும் தடுக்கவில்லை. அணி முதலாளிகளின் மனம் தடுத்தது. 1946ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணி அந்தத் தடையை உடைத்தது. எனினும், அன்று சேர்க்கப்பட்டவர்கள் வெள்ளையரும் பயிலும் பெரிய பல்கலைக்கழகங்களில் விளையாடியவர்கள். கறுப்பினக் கல்லூரிகளின் பக்கம் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

1949ஆம் ஆண்டு ராபின்சனின் மாணவர் பால் யங்கர் அதே ராம்ஸ் அணியில் சேர்ந்தார். டாங்கி போலப் பாய்ந்து மோதியதால் 'டாங்க்' யங்கர் என்று பெயர் பெற்றவர் அவர். கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து அக்கழகத்துக்குச் சென்ற முதல் வீரர் அவரே. நீ தோற்றால், உன் பின்னால் வருபவருக்கு மீண்டும் வாய்ப்புக் கிடைக்க நெடுங்காலமாகும் என்று ராபின்சன் எச்சரித்து அனுப்பினார். ஓர் இளைஞனின் தோளில் எத்துணைப் பெரிய சுமை! யங்கர் அதனைத் தாங்கினார். பத்துப் பருவங்கள் விளையாடினார். 1951இல் வெற்றிக்கிண்ணம் வென்ற அணியிலும் இடம்பெற்றார்.

அதன்பின் கதவு மெல்ல மெல்லத் திறந்தது. கிரீன் பே அணியின் தூணாக விளங்கிய வில்லி டேவிஸ், ஓக்லண்டு அணியின் வில்லி பிரவுன், பந்தைப் பிடிப்பதில் வல்லவரான சார்லி ஜாய்னர் ஆகியோர் கிராம்பிளிங்கிலிருந்து சென்றவர்கள். 1963ஆம் ஆண்டு, புதிதாகத் தோன்றியிருந்த அமெரிக்கப் பந்தாட்டக் கழகத்தின் வீரர் தேர்வில், நாடெங்குமுள்ள கல்லூரி வீரர் அனைவரிலும் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கிராம்பிளிங்கின் பக் புக்கானன். இந்நால்வரும் தொழில்முறைப் பந்தாட்டத்தின் புகழ் மன்றத்தில் இடம்பெற்றவர்கள். ராபின்சனிடம் பயின்று தொழில்முறை ஆட்டக்காரரானவர்களின் தொகை 200க்கு மேற்பட்டது.

இப்புகழை நாடறியச் செய்தவர்களில் காலி நிக்கல்சன் என்பவரைக் குறிப்பிட வேண்டும். போர்க்காலத்தில் கடற்படைப் பிரிவின் செய்தியாளராக இருந்த அவர், கல்லூரியின் விளம்பர அலுவலராகி, வாரந்தோறும் கறுப்பினச் செய்தித்தாள்களுக்கு ஆட்டச் செய்திகளை எழுதியனுப்பினார். 1968ஆம் ஆண்டு நியூயார்க்கின் யாங்கி விளையாட்டரங்கில் கிராம்பிளிங் அணியும் மார்கன் ஸ்டேட் அணியும் மோதியபோது 60,000க்கும் மேற்பட்டோர் கூடினர். ஆட்டத்தில் கிராம்பிளிங் 9-7 என்று தோற்றது. எனினும், கறுப்பினக் கல்லூரிகளின் ஆட்டத்தைக் காண அமெரிக்காவின் பெருநகரமே திரண்டுவரும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. 1976இல் இவ்விரு அணிகளும் தோக்கியோ நகருக்கே சென்று ஆடின. அங்கே கிராம்பிளிங் வென்றது.

சிந்திக்கும் இடம்

இவ்வளவு நடந்தும் ஒரு கதவு மட்டும் மூடியே இருந்தது. அணியின் மூளையாக இருந்து, திட்டத்தை அறிவித்து, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். கறுப்பினத்தவர் ஓடுவார்கள், மோதுவார்கள், பிடிப்பார்கள்; ஆனால், சிந்தித்துத் தலைமை தாங்க அவர்களால் இயலாது என்னும் எண்ணம் தொழில்முறை அணிகளில் ஊறிக் கிடந்தது. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்த கறுப்பின இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் வேறு இடங்களுக்கு மாற்றிவிடுவது வழக்கமாயிருந்தது.

இதனை ராபின்சன் ஏற்கவில்லை. ஜேம்ஸ் ஹாரிஸ் என்னும் மாணவரை அவர் அந்த இடத்துக்கென்றே பயிற்றினார். வேறு இடத்துக்கு மாறச் சொன்னால் இணங்கக் கூடாது என்றும் உறுதிப்படுத்தினார். 1969ஆம் ஆண்டு பஃபலோ அணியின் முதல் ஆட்டத்திலேயே ஹாரிஸ் குவார்ட்டர்பேக்காகக் களமிறங்கினார். பருவத் தொடக்க ஆட்டத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் அவ்விடத்தில் இறங்கியது அக்காலத்தில் பெரும் புதுமை.

அவர்பின் வந்தவர் டக் வில்லியம்ஸ். 1978ஆம் ஆண்டு டாம்பா பே அணி அவரை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. பல இடர்களுக்குப் பின் வாஷிங்டன் அணியில் சேர்ந்த அவர், 1988ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் சான் டியாகோ நகரில் நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் குவார்ட்டர்பேக்காக இறங்கினார். முதற்கால் பகுதியில் டென்வர் அணி 10-0 என்று முன்னணியில் இருந்தது. இரண்டாம் கால் பகுதியில் வில்லியம்ஸ் நான்கு முறை பந்தை எறிந்து எல்லைக்கு அப்பால் சேர்த்தார். அந்த ஒரு பகுதியில் மட்டும் வாஷிங்டன் எடுத்த புள்ளிகள் 35. இறுதியில் 42-10 என்று வென்றது. ஆட்டத்தின் சிறந்த வீரர் என்னும் பரிசும் வில்லியம்ஸுக்கே கிடைத்தது. கறுப்பினத்தவரால் சிந்தித்து ஆட இயலாது என்ற பேச்சுக்கு அன்று மாலை, உலகமே பார்த்துக்கொண்டிருக்க, விடை சொல்லப்பட்டது. 47 ஆண்டுகளுக்கு முன் தம் கையால் சுண்ணாம்புக் கோடு போட்ட பயிற்சியாளருக்கு அதைவிடப் பெரிய ஊதியம் வேறென்ன வேண்டும்?

குறை கூறியோர்

ராபின்சனை எல்லாரும் போற்றினர் என்று எழுதினால் அது வரலாறாகாது. 1960களில் உரிமைப் போராட்டம் தென்மாநிலங்களெங்கும் பரவியபோது, அவர் ஊர்வலத்தில் நடக்கவில்லை. கண்டனக் கூட்டத்தில் பேசவில்லை. நாட்டின் மீது தமக்குள்ள பற்றையே எடுத்துரைத்துவந்தார். அநீதியின் நடுவே இவ்வளவு பொறுமை தகுமா என்று இளைஞர் சிலர் வினவினர். 1967ஆம் ஆண்டு கிராம்பிளிங் மாணவர்களே கிளர்ந்தெழுந்தனர். பந்தாட்டத்துக்குக் கிடைக்கும் முதன்மை படிப்புக்குக் கிடைக்கவில்லை என்பது அவர்களுடைய குறை. வகுப்புகள் புறக்கணிக்கப்பட்டன, மாநிலக் காவற்படை வரவழைக்கப்பட்டது, மாணவர் சிலர் கல்லூரியினின்று நீக்கப்பட்டனர்.

அம்மாணவர்கள் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. நூலகமும் ஆய்வுக்கூடமும் குறைந்த கல்லூரி ஒன்று பந்தாட்டத்தால் மட்டும் பேர் பெறுவது முழுப் பெருமையாகாது. ஆனால், அக்குறைக்கு முதற்காரணம் பணம் ஒதுக்காத மாநில அரசேயன்றிப் பயிற்சியாளர் அல்லர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊர்வலத்தில் நடந்தவர்கள் சட்டத்தை மாற்றினார்கள். சட்டம் மாறிய அன்று உள்ளே நுழைவதற்குத் தகுதி பெற்றவர்கள் ஆயத்தமாக இருக்க வேண்டுமன்றோ? ராபின்சன் அத்தகையோரை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். இரண்டு பணிகளும் தேவைப்பட்டன. ஒன்றை மற்றொன்றால் அளப்பது முறையன்று.

324ஆம் வெற்றி

அமெரிக்கக் கல்லூரிப் பந்தாட்டத்தில் அலபாமா பல்கலைக்கழகத்தின் பேர் பிரையண்ட் பெரும்புகழ் வாய்ந்தவர். 1982ஆம் ஆண்டு அவர் ஓய்வுபெற்றபோது அவருடைய வெற்றிகள் 323. 1985ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில் பிரெய்ரி வியூ அணியை 27-7 என்று வென்று, ராபின்சன் 324ஆம் வெற்றியை எட்டினார்.

உடனே ஒரு வாதம் எழுந்தது. பிரையண்டின் அணி பெரிய பல்கலைக்கழகங்களை வென்றது; ராபின்சனின் அணி சிறிய கல்லூரிகளை வென்றது; இரண்டும் ஒன்றாகுமா என்றனர் சிலர். பெரிய பல்கலைக்கழகங்களோடு ஆடக் கூடாது என்று ராபின்சனா விலகி நின்றார்? அவருடைய பணிக்காலத்தின் முற்பாதியில், வெள்ளையர் அணிகள் கறுப்பினக் கல்லூரிகளோடு தென்மாநிலங்களில் பெரும்பாலும் களம் இறங்கியதில்லை. பந்தயத்தில் சேர விடாமல் கதவை அடைத்துவிட்டு, நீ எங்களோடு ஓடவில்லையே என்று கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

சமத்துவத்தின் விலை

இனி வருவது அவர் வாழ்க்கையின் உருக்கமான பகுதி. 1954ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1964ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் நிறைவேறியது. 1970ஆம் ஆண்டு செப்டம்பரில் தென் கலிபோர்னியா அணி அலபாமா மாநிலத்துக்கே வந்து, வெள்ளையர் மட்டுமே களமிறங்கிய அலபாமா அணியை 42-21 என்று வென்றது. தென் கலிபோர்னியாவின் வெற்றியில் முன்நின்றவர்கள் கறுப்பின வீரர்கள். அதன்பின் தென்மாநிலப் பெரும் பல்கலைக்கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்பின வீரர்களைத் தேடி அழைக்கலாயின.

அவர்கள் வீடுகளுக்குச் சென்று கொடுக்கக் கூடியவை எவை? பெரிய விளையாட்டரங்கம், தொலைக்காட்சி, நல்ல விடுதி, முழு உதவித்தொகை. கிராம்பிளிங் கொடுக்கக் கூடியது என்ன? ராபின்சனின் பெயர் ஒன்றே. முன்பு லூசியானாவின் சிறந்த கறுப்பின இளைஞன் தானாகவே கிராம்பிளிங்குக்கு வருவான். வேறு போக்கிடம் அவனுக்கு இல்லை. இப்போது நாடு முழுவதும் அவனுக்குத் திறந்திருந்தது. எந்தக் கதவு திறக்க வேண்டும் என்று அவர் தம் மாணவர்களை ஆயத்தம் செய்தாரோ, அந்தக் கதவு திறந்ததே அவருடைய அணியின் வலிமை குன்றுவதற்குக் காரணமாயிற்று.

எனினும், அணி உடனே வீழ்ந்துவிடவில்லை. 1960 முதல் 1986 வரை தொடர்ந்து 27 பருவங்களில் தோல்விகளைவிட வெற்றிகளே மிகுதி. சகோதரக் கல்லூரியாகிய சதர்ன் பல்கலைக்கழகத்தோடு நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் ஆட்டம், 1974 முதல் ஒரு திருவிழாவாகவே வளர்ந்தது. 1995ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், மிசிசிப்பி வேலி ஸ்டேட் அணியை 42-6 என்று வென்றபோது, 400 வெற்றிகள் கண்ட முதல் கல்லூரிப் பயிற்சியாளர் என்னும் சிறப்பு ராபின்சனைச் சேர்ந்தது.

ஆனால், கடைசி ஆண்டுகள் கசந்தன. 1996இலும் 1997இலும் அணி மூன்று வெற்றிகளும் எட்டுத் தோல்விகளுமே கண்டது. விதிமீறல்கள் பற்றிய விசாரணையும் கல்லூரிக்கு வந்தது. 1996 முடிவிலேயே அவர் விலக வேண்டும் என்று கல்லூரியில் சிலர் வற்புறுத்தினர். பொதுமக்கள் வெகுண்டெழுந்தமையால் மேலும் ஓர் ஆண்டு அளிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தவரை இப்படியா வழியனுப்புவது என்று கேட்டவர் பலர். முதியவர் தம் காலம் முடிந்ததைத் தாமே உணர்ந்திருக்க வேண்டும் என்றவர்களும் உண்டு. 1997 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் சதர்ன் அணியிடம் 30-7 என்று தோற்றதே அவருடைய கடைசி ஆட்டம். அடுத்த பருவத்தில் அவர் இடத்தில் அமர்ந்தவர் வேறு எவரும் அல்லர். அவர் மாணவர் டக் வில்லியம்ஸ்.

எஞ்சி நிற்பது

408 என்னும் எண்ணைப் பிற்காலத்தில் வேறு பயிற்சியாளர்கள் கடந்திருக்கின்றனர். எண்கள் கடக்கப்படுவதற்கென்றே இருப்பவை. தம் உண்மையான சாதனை ஒரே வேலையும் ஒரே மனைவியும்தான் என்று ராபின்சன் கூறுவதுண்டு. டோரிஸ் அம்மையாருடன் அவர் வாழ்ந்த இல்வாழ்க்கை 65 ஆண்டுகள் நீடித்தது. இறுதிக் காலத்தில் மறதி நோய் அவரைப் பற்றிக்கொண்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்களின் பெயர்களையும், அவர்கள் எந்த ஆட்டத்தில் எந்த இடத்தில் நின்றார்கள் என்பதையும் நினைவில் வைத்திருந்த மனம் மெல்ல மெல்ல வெறுமையாயிற்று.

2007ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடந்த சூப்பர் பவுலில் முதன்முறையாக இரு அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களும் கறுப்பினத்தவராக இருந்தனர். அதற்கு இரண்டு மாதங்களுக்குப் பின், ஏப்ரல் 3ஆம் நாள், ராபின்சன் தமது 88ஆம் வயதில் காலமானார்.

அவருடைய உடல் பேட்டன் ரூஜ் நகரத்துச் சட்டமன்ற மாளிகையில் பொதுமக்கள் மரியாதை செலுத்துவதற்காக வைக்கப்பட்டது. அந்நகரத்தில்தான் அவர் சிறுவனாக வளர்ந்தார். அந்நகரத்துப் பல்கலைக்கழகம்தான் அவருக்கு இடமளிக்கவில்லை. அந்நகரத்துத் தீவன ஆலையில்தான், பட்டம் பெற்ற கையோடு, மணிக்கு 25 சென்ட் கூலிக்கு மூட்டை சுமந்தார். மாநிலத்தின் பெரியோர்கள் அவரைக் காண வரிசையில் நின்றனர். அவரால் படித்து ஆளானவர்களும், அவர் கட்டிக் கொடுத்த ரொட்டியைச் சாலையோரத்தில் உண்டவர்களும் அவ்வரிசையில் நின்றனர்.